வழி கேட்கும் சத்தம்

தீயணைப்பு வண்டியின் வருகையைத் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு நெடுங்காலம் சொல்லிவந்தது ஒரு பித்தளை மணி. சைரனும் ஏர் ஹாரனும் அதற்குப் பின் வந்தவை. பழைய நிலையங்கள் சிலவற்றில் அந்த மணி இன்னும் துலக்கிப் பளபளவென வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஊரார் பார்க்கக் கிடைக்கும் வாரத்துக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று, பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ கப்பல் வெடித்தது. அதில் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் அந்த நாளில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளை நிலையத்துக்கு அழைத்து வந்து வண்டியில் ஏற்றிக் காட்டும் வாரம் அது. பிள்ளைகளின் கை சைரன் பொத்தானைத் தேடும். உடன் வரும் பாட்டன் பாட்டிகளின் கண் மணியில் போய் நிற்கும்.

மணி ஓட்டுநர் அறைக்கு வெளியே, கையெட்டும் உயரத்தில் தொங்கும். நாக்கில் கட்டிய கயிற்றின் நுனி, முன்னிருக்கையில் அமர்ந்தவரின் கையில் இருக்கும். நிலையத்தை விட்டுப் புறப்பட்டது முதல் தீப்பிடித்த இடம் போய்ச் சேரும்வரை அந்தக் கை ஓயாது. கோயில் மணிக்கு ஒரு நிதானம் உண்டு. பள்ளிக்கூட மணிக்கு ஒரு கணக்கு உண்டு. தீயணைப்பு வண்டியின் மணி இந்த இரண்டும் இல்லாமல், மூச்சுவிடாமல் அடிக்கும். அடுத்த தெருவில் கேட்டாலே இன்னதென்று தெரிந்துவிடும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வளர்ந்தவர்களுக்கு, அந்த மணி கேட்டதும் தெரு நடந்துகொண்ட விதம் நன்றாக நினைவிருக்கிறது. சைக்கிளில் போனவர் இறங்கி ஓரமாக நின்றார். மாட்டுவண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, வண்டியைச் சாலையோரப் புழுதியில் இறக்கினார். அடுப்படியில் இருந்த பெண்கள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, ‘எந்தப் பக்கம் போகுது?’ என்று கேட்டார்கள். பிள்ளைகள் தெருமுனைவரை வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற காக்கிச்சட்டைக்காரர்களும், கூரைமேல் இருந்த ஏணியும், சுருட்டி வைத்த குழாயும் ஒரு நொடியில் கடந்து போகும். புழுதி அடங்கியதும் பெரியவர்களில் யாராவது ஒருவர் ‘யார் வீடோ, பாவம்’ என்பார். அந்தச் சொல்லோடு அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள்.

கோடையில் மணி அதிகம் கேட்டது. கத்திரி வெயிலில் காய்ந்து கிடக்கும் கீற்றுக்கூரைக்கு ஒரு பொறி போதும். காற்றும் சேர்ந்தால் ஒரு வரிசையே சாம்பலாகும். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்து, கூரை வீடுகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழத் தொடங்கின. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சென்னையின் கோடை இரவுகளில் அந்த மணி ஒலித்தபடி இருந்தது. தீபாவளி இரவு இன்னொரு பருவம். பாட்டிலில் வைத்துக் கொளுத்திய ராக்கெட் எந்தக் கூரையில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீயணைப்பு நிலையங்களுக்குத் தீபாவளி என்பது, குழாயைச் சரிபார்த்து வண்டியைத் தெருப்பக்கம் முகம் திருப்பி நிறுத்தி, அழைப்புக்குக் காத்திருக்கும் இரவு. கூரைகள் குறைந்துவிட்ட இன்றும் அந்தக் காத்திருப்பு மாறவில்லை. குடிசைகளைத் தாண்டி நகரமே திரண்டு நின்று பார்த்த தீ விபத்துகளும் உண்டு: 1975இல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது, 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது.

மணி இங்கிலாந்து வழியாக வந்த வழக்கம். லண்டன் தெருக்களில் குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டிகள் ஓடிய நாளில், அவற்றில் நின்ற வீரர்கள் உரக்கக் கூவித்தான் வழி கேட்டார்கள். மனிதக் குரல் போதாத இடத்தில் மணி வந்தது. குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் அது வண்டியை விட்டு இறங்கவில்லை. சென்னையில் 1908இல் தீயணைப்புப் படை அமைந்தபோது தெருவில் பெரிய இரைச்சல் ஏதும் இல்லை. குதிரைக் குளம்பும் ஜட்கா சக்கரமும் டிராம் வண்டியும் எழுப்பிய ஒலிக்கு மேலே கேட்கப் பித்தளை மணியே போதுமானதாக இருந்தது. பேருந்தும் லாரியும் பெருகப் பெருக மணி அமுங்கிப்போனது.

அந்த இடத்துக்கு வந்த சைரனின் அடிப்படை இருநூறு ஆண்டு பழையது. 1819இல் பிரான்ஸைச் சேர்ந்த சார்ல் காஞார் த லா தூர், துளைகள் இட்ட ஒரு தட்டைச் சுழலவிட்டு அதன் வழியே காற்றைச் செலுத்தினார். துளை திறக்கும்போது காற்று பாயும், மூடும்போது தடைபடும். நொடிக்குப் பல நூறு முறை இப்படி நறுக்கப்படும் காற்றே ஒலியாகக் கேட்கிறது. பத்துத் துளை உள்ள தட்டு நொடிக்கு 60 முறை சுழன்றால் 600 அதிர்வுள்ள ஒலி பிறக்கும். சுழற்சி கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். சைரன் அடித்தொண்டையில் தொடங்கி உச்சத்துக்குப் போய், நிறுத்தியதும் மெல்லச் சரிந்து அடங்குவதற்குக் காரணம் சக்கரமாகச் சுழலும் அந்தத் தட்டின் வேகம்தான். கையால் சுழற்றும் சைரனில் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் கூட்டிக் கொடுத்தன. பின்னர் மின்மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டு ஊர்களுக்கு இந்தச் சத்தம் தீயணைப்பு வண்டியில் ஏறுவதற்கு முன்பே பழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் பஞ்சாலைகள் ஷிப்ட் மாறும் நேரத்தை, சங்கு என்று ஊர் அழைத்த சைரனை ஊதிச் சொல்லின. பல ஊர்களில் நகராட்சிக்கும் ஒரு சங்கு இருந்தது. கடிகாரம் இல்லாத வீடுகளில் ‘எட்டு மணிச் சங்கு ஊதிருச்சு’ என்று சொல்லித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார்கள். ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு, காந்தியடிகள் நினைவாக இரண்டு நிமிட மௌனத்துக்கும் அதே சங்குதான் ஊதியது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் இருந்தவர்களுக்கு அது விமானத் தாக்குதல் எச்சரிக்கை. ஆனால் அந்தச் சங்குகளெல்லாம் நின்ற இடத்தில் நின்று ஊதியவை. வண்டியில் ஏறிய சைரன் நெருங்கி வந்தது. நெருங்கும்போது சுருதி உயர்ந்தும், கடந்ததும் தாழ்ந்தும் கேட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி கடக்கும்போது அந்த இறக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தெருவில் சைரன் விளையாட்டு விளையாடிய பிள்ளைகள் இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே வாயால் ஊதிக்கொண்டு ஓடினார்கள்.

அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் மோட்டார் சைரன் பேருரு எடுத்தது. ‘க்யூ’ என்ற பெயரில் அங்கே புகழ்பெற்ற ஒரு வகை, 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை மின்னோட்டம் இழுக்கும். 10 அடி தூரத்தில் அதன் ஒலி 123 டெசிபல். ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமரும் அதிகாரியின் காலடியில் அதன் பொத்தான் இருக்கும். மிதித்தால் ஒலி ஏறும், காலை எடுத்தால் மெல்ல இறங்கும். சக்கரம் தானாக நிற்க நேரமாகும் என்பதால் அதை நிறுத்துவதற்கென்றே ஒரு பிரேக் உண்டு.

பிறகு வந்தது மின்னணுச் சைரன். இதில் சக்கரமும் இல்லை, துளையும் இல்லை. ஒலியைச் சுற்றுப்பலகை உருவாக்க, ஒலிபெருக்கி அதைத் தெருவில் கொட்டும். ஒரே பெட்டியிலிருந்து நீண்டு ஏறி இறங்கும் ஒலி, வேகமாகத் துடிக்கும் ஒலி, இரண்டு சுரங்கள் மாறிமாறி வரும் ஒலி என்று பலவகை கிடைத்தன. நீண்ட ஒலி நெடுஞ்சாலைக்கும், துடிக்கும் ஒலி நெரிசலான சந்திப்புக்கும் ஏற்றது. சந்திப்பை நெருங்கும்போது ஒலியை மாற்றுவது நல்ல ஓட்டுநர்களின் வழக்கம், ஏனென்றால் ஒரே சத்தத்துக்குப் பழகிப்போன காதும் அந்த மாற்றத்தைக் கவனித்துவிடும்.

ஏர் ஹாரனின் கதை வேறு. கனரக வண்டியில் பிரேக் போடுவதற்கென்று அழுத்தப்பட்ட காற்று எப்போதும் கலத்தில் நிறைந்திருக்கும். அதில் ஒரு சிறு பங்கை ஹாரனுக்குத் திருப்பினால், அந்தக் காற்று ஒரு மெல்லிய உலோகத் தகட்டை அதிரவைக்கும். நாகசுரத்தின் அணைசைப்போல விரிந்த குழல் அந்த அதிர்வைப் பெருக்கி வெளியே தள்ளும். ஹாரன் எவ்வளவு நேரம் அடித்தாலும் பிரேக்குக்கு வேண்டிய காற்று குறையாதபடி ஒரு பாதுகாப்பு வால்வு நடுவில் இருக்கும். சைரன் இடைவிடாமல் ஒலித்து ‘வண்டி வருகிறது’ என்று தூரத்துக்குச் சொல்கிறது. ஏர் ஹாரன் எதிரே நிற்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்: ஒரு வெட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு வெட்டு. அதன் தாழ்ந்த சுருதிக்கு அலைநீளம் அதிகம் என்பதால், பேருந்துக்குப் பின்னாலும் கட்டட முனைக்கு அப்பாலும் ஓரளவு வளைந்து போய்ச் சேரும்.

நாடுகள் தத்தம் வழக்கப்படி இவற்றைப் பயன்படுத்தின. ஜெர்மனியில் மாக்ஸ் பி. மார்ட்டின் நிறுவனம் 1932இல் உருவாக்கிய காற்று ஹாரன், ‘மார்ட்டின்ஸ்ஹார்ன்’ என்ற பெயரில் இன்றும் ஒலிக்கிறது. அதன் இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவு, ஷட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே உள்ளது. நீல விளக்கும் இந்த ஹாரனும் சேர்ந்து வந்தால் எல்லா வண்டிகளும் உடனே வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கிலாந்தில் 1960களில் இரட்டைச் சுர ஹாரன்கள் வந்து மணியின் இடத்தைப் பிடித்தன. ஜப்பானில் மணி இன்னும் உயிரோடு இருக்கிறது. சைரனும் மணியும் சேர்ந்து ஒலித்தால் வண்டி தீயை நோக்கிப் போகிறது. சைரன் மட்டும் என்றால் தீயல்லாத வேறு மீட்புப் பணி. தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் வண்டியில் மணி மட்டும் ஒலிக்கும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து தீர்ந்தது என்ற செய்தி அந்த மணியிலேயே கிடைத்துவிடுகிறது.

கருவி எவ்வளவு வளர்ந்தாலும் ஒலிக்கு இயற்கை வைத்திருக்கும் வரம்பு மாறுவதில்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் 120 டெசிபலாக இருப்பது, ஏறத்தாழ 100 மீட்டரில் 90 ஆகிவிடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் நுழையும்போது இன்னும் சுமார் 30 போய்விடும். அங்கே ஏ.சி. ஓடுகிறது, பாட்டு ஒலிக்கிறது, கைப்பேசியில் பேச்சு நடக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் தீயணைப்பு வண்டி அந்த 100 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது 6 நொடி. திறந்த ஜன்னல் வழியே காற்று வாங்கியபடி அம்பாசிடரில் போனவருக்கு இருந்த அவகாசம், இன்றைய காரில் போகிறவருக்குக் கிடையாது.

திசை தெரிவது இன்னொரு சிக்கல். ஒலி இரு காதுகளையும் அடையும் நேர வேறுபாட்டையும், அளவு வேறுபாட்டையும் வைத்தே மூளை திசையைக் கண்டுகொள்கிறது. சைரனின் சுருதி இரண்டு வழிகளுக்கும் எளிதில் அகப்படாத நடு எல்லையில் விழும்போது, ஓட்டுநருக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கம் என்று தெரியாது. இருபுறமும் கட்டடங்கள் நிற்கும் தெருவில் எதிரொலியும் சேர்ந்து குழப்பும். பல சுருதிகள் கலந்த ‘உஸ்’ என்ற இரைச்சலுக்குத் திசை எளிதில் தெரியும் என்பதை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா விதிங்டன் ஆராய்ந்து காட்டினார். அதன் அடிப்படையில் சைரன் ஒலிக்கு நடுவே இரைச்சலை இடைச்செருகும் கருவிகளும் வந்தன. மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலித்து, பக்கத்து வண்டியின் இருக்கையையே அதிரவைக்கும் கருவிகளும் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ளன.

சத்தத்தின் விலையை முதலில் கொடுப்பது வண்டிக்குள் இருப்பவர்களின் காது. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம்வரை வேலை செய்யலாம் என்பதும், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாக வேண்டும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அப்படியானால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஓட்டுநர் அறையின் கூரைமேல் இருந்த சைரன் முன்பக்க பம்பருக்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னால் போகிறவருக்குச் சத்தம் நேராகப் போகும், உள்ளே இருப்பவருக்குக் குறையும். மணிக்கயிற்றை இழுத்தவருக்குக் கை வலித்தது; சைரனுக்கடியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவருக்குக் காது போனது. ஊர் வழிவிடத் தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் அந்தக் காதுகளுக்குக் கூடுதல் சுமை.

மணிக்கு இருந்து, இன்றைய கருவிகளுக்கு இல்லாமல் போனது ஒன்று உண்டு. தெருவில் அந்த ஓசையைத் தீயணைப்பு வண்டியைத் தவிர வேறு எந்த வண்டியும் எழுப்பவில்லை. எந்தப் பேருந்தும் பித்தளை மணி கட்டிக்கொண்டு ஓடவில்லை. மணி கேட்டால் தீ என்பதில் யாருக்கும் ஐயம் வந்ததில்லை. ஏர் ஹாரனுக்கு அந்தத் தனித்தன்மை கிட்டவில்லை. முந்திச் செல்லும் தனியார் பேருந்தும், மணல் லாரியும், பல சுரங்களில் பாட்டு வாசிக்கும் சுற்றுலா வேனும் அதே குரலில் கத்துகின்றன. நாள் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த காது, தீயணைப்பு வண்டி அடிக்கும்போதும் ‘இன்னொரு பஸ்’ என்று இருந்துவிடுகிறது.

சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, பல சுரங்களை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரனையும், காதைக் கிழிக்கும்படியோ அச்சுறுத்தும்படியோ ஒலிக்கும் கருவிகளையும் வண்டிகளில் பொருத்தக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு வண்டிகள் போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. போக்குவரத்துத் துறையினர் அவ்வப்போது பேருந்து நிலையங்களில் சோதனை செய்து ஏர் ஹாரன்களைக் கழற்றி எடுத்துச் செல்கிறார்கள். சில வாரங்களில் அவை மறுபடி முளைத்துவிடுகின்றன. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், அதிகாரிகளின் கார்களிலிருந்து சுழல்விளக்கை நீக்கிய அரசு, அவசர வண்டிகளுக்கு மட்டும் அதை விட்டுவைத்தது. ஒளிக்குச் செய்ததை ஒலிக்கும் அதே உறுதியோடு செய்ய வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு, தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒதுங்கி வழிவிடாத ஓட்டுநருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது.

தண்டனைக்கு அஞ்சி வழிவிடுவதைவிட, மணிக்காலத்துத் தெரு தானாக வழிவிட்டது உயர்ந்த பழக்கம். அதை மீட்பது கடினமல்ல. சைரன் கேட்டால் பாட்டின் சத்தத்தைக் குறைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கி, திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்னல் காட்டி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். பதற்றத்தில் நடுச்சாலையில் நின்றுவிடக் கூடாது. தீயணைப்பு வண்டி பிரித்த வழியில் அதன் பின்னாலேயே நுழைந்து ஓடக் கூடாது. குறுகிய சந்துகளில் வண்டி நுழைய இடம்விட்டே கார்களை நிறுத்த வேண்டும். பேருந்து, லாரி உரிமையாளர்கள் தங்கள் வண்டியில் உள்ள ஏர் ஹாரனைத் தாங்களே கழற்றிவிட வேண்டும். தீயணைப்பு வண்டியின் குரல் தீயணைப்பு வண்டிக்கு மட்டும் உரியதாக இருக்கும்வரைதான் அதற்கு வலிமை உண்டு. அது கேட்கும் வழி, யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும் வழி.